துள்ளி ஆடப்போன நாள்

காட்டில் துள்ளி என்ற இளம் முயலைப் போல எம்பிக் குதித்துக் கூடையில் பந்தைப் போட யாருமில்லை. ஆனால் அம்மா மேயப் போனால் தம்பி தங்கைகளை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் நாளிலும் வளையிலேயே இருந்தாள்.

அவளோடு ஆடும் கரடியண்ணன் வந்தான். "நீ போ. குட்டிகளை நான் பாத்துக்கிறேன்."

"உனக்கும் இன்னிக்குத்தானே அண்ணா தேர்வு?"

"எனக்கும் ஆசைதான். ஆனா உன் ஆட்டத்தை அவங்க பாத்தே ஆகணும். ஓடு!"

சாயங்காலம் மூச்சிரைக்கத் திரும்பினாள். வளை வாசலில் மல்லாந்து கிடந்த கரடியின் வயிற்றின்மேல் குட்டிகள் படுத்திருந்தன.

"மெதுவா! இப்பத்தான் தூங்குச்சுங்க" என்றான்.

கத்திச் சொல்ல நினைத்ததைத் துள்ளி அவன் காதோரம் கிசுகிசுத்தாள். "என்னை எடுத்துட்டாங்க அண்ணா. உன்னாலதான்."

கரடிக்குச் சிரிப்புப் பொங்கியது. வயிறு குலுங்கினால் குட்டிகள் விழித்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டான்.