குனிந்து நுழைந்தவள்

அந்த அரண்மனையில் மிஞ்சியிருந்தது முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள் மட்டும்தான். இதைப் பார்க்கவா லீவு போட்டு இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மகன் கபிலன் சுவர்களைத் தாண்டித் தாண்டிக் குதித்தான். ஐந்து வயது மகள் நிறைமதி மட்டும் வாசல் இருந்த இடைவெளிகள் வழியாகவே ஒவ்வோர் அறைக்கும் போனாள். கடைசி அறையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நன்றாகக் குனிந்து வந்தாள்.

“என்னடி கூனிக் கூனி வர்ற?” என்று என் மனைவி சிரித்தாள்.

“தலை இடிச்சிரும்மா.”

“உன் உயரத்துக்கா?”

அங்கே மேலே வானம்தான் இருந்தது. அவள் குனிந்து வருவதையும் நான் செல்போனில் படம் பிடித்தேன்.

காரில் வழிநெடுக நிறைமதி சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தாள். “நல்லா சாஞ்சு உக்காரு” என்று அதட்டினேன்.

“நசுங்கிரும்பா.”

ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். நிறைமதி எங்கள் வாசலிலும் குனிந்தாள். ஹாலின் நடுவே போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, உப்புமூட்டை தூக்கி வந்தவளைப் போல, பின்னால் கோத்திருந்த கைகளை மெதுவாகப் பிரித்தாள்.

“இறங்கிக்கோ. இதான் எங்க வீடு.”

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். சாத்துவதா, திறந்தே வைப்பதா என்று தெரியவில்லை.