சம்பந்தியின் ஊர்

"முதல்ல போனில கதையுங்கோ அம்மா, பிறகு நேரில பாப்பம்," என்று ஆரணி தான் விரும்பிய பெடியனின் தாயை அழைத்துக் கொடுத்தாள்.

ஆரணியின் தாய் திலகேஸ்வரி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "நீங்கள் எந்த ஊர்?"

"வடக்குத்தான். நான் கைக்குழந்தையா இருக்கேக்க சண்டையில வெளிக்கிட்டனாங்கள். இப்பவும் ஆமி உள்ள விடமாட்டான். போன மாதம் பக்கத்துத் தீவில நிண்டு தூரக்கண்ணாடியால பார்த்தனான். எங்கட வயலெல்லாம் தெரிஞ்சுது."

"ஐயோ, எங்கட வீடும் ஆமியிட்டத்தான்!" திலகேஸ்வரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் பெடியன் வீட்டுக் கதவைத் திறந்தது, சேலை கட்டிய ஒரு கொரியப் பெண்மணி.

"வாங்கோ, வாங்கோ!" போனில் கேட்ட அதே குரல். பின்னால் வந்த தமிழ்க் கணவரைக் காட்டினாள். "இவரைக் கலியாணம் கட்டித்தான் தமிழ் படிச்சனான்."

"அப்ப... வடக்கு எண்டனீங்கள்?"

"வடகொரியா."

ஆரணி பயந்து பயந்து தாயைப் பார்த்தாள். திலகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்து, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தமுறை அந்தத் தீவுக்குப் போகேக்க சொல்லுங்கோ, நானும் வாறன்."