ரெண்டில் ஒன்று

மிச்சமிருந்த சோலையையும் அழித்து மக்காச்சோளம் விதைக்க இருந்தார் ஒச்சப்பன். வேளாண் கல்லூரிப் பெண் சோலைக்குள் ஒன்றும், முன்பே மரம் அழித்திருந்த அவர் புஞ்சையில் ஒன்றுமாக வெப்பமானிகளைத் தொங்கவிட்டுக் காட்டினாள்.

"பாருங்கய்யா, மரம் அழிச்ச பக்கம் நாலு டிகிரி கூட. இதையும் அழிச்சா ஊரே கொதிக்கும்."

"சூட்டை ஏத்திக் காட்டுறதாப் பாத்து எம் புஞ்சையில மாட்டிட்டு எங்கிட்டயே கதை விடுறியா தாயி?"

அவள் போனதும் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். மறுநாள் உச்சிவேளையில் பார்த்தால், புஞ்சையில் தொங்கியதில்தான் சிவப்புக் கோடு ஏறி நின்றது. திரும்பவும் மாற்றினார். திரும்பவும் புஞ்சைதான்.

"காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியாட்டம் அதையே தொட்டுத் தொட்டுப் பாக்குற. கஞ்சியக் குடிய்யா" என்றாள் பெண்டாட்டி ஒய்யம்மா.

மரம் தள்ள வந்த பொக்லைன்காரன் வண்டியை உறுமவிட்டபடி, "எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்க, பெரியவரே?" என்று கத்தினான்.

"பொறுப்பா. இதுல ஒண்ணு பொய் சொல்லுது" என்று ஒச்சப்பன் மூன்றாவது தடவையாக வெப்பமானியைக் கழற்றினார்.