அண்டாவில் வந்த கேப்டன்

"பாத்துக்கிட்டே இருங்க மேடம், இப்ப ஆரம்பிப்பார். இதுக்கு ஊசி ஏதாச்சும் இருக்கா?" என்று குசுகுசுத்தான் மகன்.

ஊசி தன் இலாகா அல்ல என்று அவள் சொல்வதற்குள் அப்பா தொண்டையைச் செருமிவிட்டார். ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் 'அகப்பை'.

அவள் முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதுதான் முதல் கேஸ். அங்கே தலைமை அதிகாரி, உடுப்பைக் கழற்றியும் விறைப்பைக் கழற்றாதவர். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது, குடும்பங்களின் கஷ்டத்தைக் கேட்டு அழக் கூடாது, சாப்பாட்டு டப்பாவில் வெங்காயம் கூடாது என்று வந்த அன்றே சட்டம் போட்டார். மூன்றையும் அவள் அன்றைக்கே மீறித் தொலைத்திருந்தாள். இந்த கேஸையாவது உருப்படியாக முடித்தால்தான் வேலை நிலைக்கும்.

"மேல் போஸ்டுக்குச் சாமான் ஏத்திக்கிட்டுப் போறேன்மா," என்றார் அகப்பை. "பனிச்சரிவுல கால் ஒடிஞ்சு ஒருத்தர் கிடக்கார். அன்னைக்குத்தான் வந்து சேர்ந்த புது கேப்டன். பேரு தெரியாது. மூஞ்சியும் தெரியாது, பூரா கம்பளி சுத்தியிருக்கு. ஆளு நல்ல கனம். பார்த்தேன், அண்டாவுக்குள்ள தூக்கி உட்கார வச்சேன். அண்டாக் காதுல கயித்தைக் கட்டி இழுத்தேன் பாருங்க, சறுக்கிக்கிட்டு வருது!"

"மாமா, வெங்காயத்தை விட்டுட்டீங்க," என்று சமையல்கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் மருமகள்.

"ஆங்! அண்டாவுக்குள்ள பாதி மூட்டை வெங்காயம். அதும் மேலதான் கேப்டன்."

"அதைக் கொட்டிட்டு அவரை ஏத்தியிருக்கலாமே?" அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா கேட்டீங்க! கேப்டன் போனா வேற கேப்டன் வருவார். வெங்காயம் போனா ஸ்டோர்காரனுக்கு யார் பதில் சொல்றது?"

மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"வழி பூரா மனுஷன் தும்மல்மா. அந்தத் தும்மலை வச்சுத்தான் உசுரு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். தும்மல் நின்னுச்சுன்னா திரும்பிப் பார்ப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுட்டு, அண்டாவைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ராத்திரி சமையல் இருக்குல்ல?"

மகன் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஆபீஸ்ல தலைகாட்ட முடியல மேடம். 'அண்டா சௌக்கியமா?'ன்னு மேனேஜரே கேக்கறார். அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. முதியோர் விடுதியில சேர்த்துக்குவாங்க."

அகப்பை பின்னாலேயே வந்து நின்றிருந்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கதை வேணாம்னா விட்டுடறேன்பா. விடுதி மட்டும் வேணாம்," என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "ஆனா அண்டா நெசம்," என்றார்.

அலுவலகத்தில் தலைமை அதிகாரி நிமிராமலே கேட்டார். "என்ன எழுதப் போறே?"

"புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு சார். பொய்தான் கொஞ்சம்…"

"என்ன பொய்?"

கேப்டன் கால் ஒடிந்து கிடந்ததையும், அவரை அண்டாவில் வைத்து இழுத்ததையும் அவள் சொன்னாள். வெங்காயத்துக்குப் போகவில்லை. அந்த அறையில் அந்த வார்த்தையே தடை செய்யப்பட்டது; இருக்கிற வம்பு போதாதா?

அதிகாரி பேனாவை மூடினார். "வண்டியை எடுக்கச் சொல்லு."

வழி நெடுக அவர் ரோட்டையே முறைத்துக்கொண்டு வந்தார். முதல் கேஸிலேயே சீட்டு கிழிந்தது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அது போகட்டும், அந்த மனுஷரை விடுதிக்கு அனுப்பிவிட்டால்? அழக் கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வர, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலிலேயே மகன் பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். "பெரிய ஆபீசரே வந்துட்டீங்க! நீங்களே கேட்டுப் பாருங்க சார், பொய்யை நிறுத்தவே மாட்டேங்கறார்."

"எங்கே அவர்?"

"சமையல்கட்டுல சார். மருமகளுக்கு எடுபிடி."

அகப்பை வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து எதையோ பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்களை அவர் கவனிக்கவில்லை. அதிகாரி நிலைப்படியில் நின்றார். மூக்கைப் பொத்தப் போன கை பாதி வழியிலேயே நின்றது.

தும்மினார். அடுக்கில் இருந்த தட்டுகள் அதிர்ந்தன. மறுபடியும் தும்மினார். விறைப்பு, மிடுக்கு எல்லாம் ஆட்டம் கண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட வரிசையாகத் தும்மினார்.

அகப்பையின் கத்தி அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பவில்லை; காதை மட்டும் தீட்டிக்கொண்டு கேட்டார். தும்மல் நின்றது.

உடனே திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி விறைப்பாக நிமிர்ந்து, அந்தச் சமையல்காரருக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"ஏன்யா, அந்த வெங்காயத்தை அன்னைக்கே கொட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"