வீடு திரும்பும் காட்சி

கப்பலோடு காணாமல் போன ஒரு மெக்கானிக்கைப் பற்றிய ஆவணப்படம் அது. வெறும் பேட்டியாக இருந்தால் சப்பென்றிருக்கும் என்று, முன்பெல்லாம் விடுமுறையில் அவர் வீடு திரும்பும் காட்சியை ஒரு நடிகரை வைத்து மெக்கானிக்கின் வீட்டிலேயே எடுத்தார் இயக்குநர். சரிபார்க்க மெக்கானிக்கின் மனைவி அருகில் நின்றாள்.

நடிகர் கதவைத் திறந்து, "வந்துட்டேன்!" என்றார்.

"அவர் முதல்ல பையைத்தான் கீழே வைப்பார்," என்றாள் அவள்.

அடுத்த முறை செருப்பைக் கழற்றிய விதம் சரியில்லை என்றாள். பிறகு குரல் சரியில்லை என்றாள். ஆறு முறை எடுத்தாயிற்று.

இயக்குநர் பொறுமையிழந்தார். "இப்ப என்னக்கா தப்பு?"

"தப்பே இல்ல தம்பி. முதல் தடவையே அச்சு அசல் அவரேதான். பதினோரு வருஷமா இந்தக் கதவை யாரும் அப்படித் திறக்கல. இன்னும் ஒரே ஒரு தடவை வரச் சொல்றீங்களா?"

இயக்குநர் கேமராவை அணைக்கச் சொன்னார். நடிகரை மறுபடியும் வெளியே அனுப்பினார்.