டியூப்லைட் அடியில் ஓர் இடம்

கூடைப்பந்து அரங்கத்துச் சுவரில் நெட்டைவால், மொட்டைவால் என்று இரண்டு பல்லிகள் இருந்தன. போட்டிகள் தொடங்குமுன் கீழே ஆடுகிறவர்களில் ஆளுக்கு ஐந்து பேரைப் பொறுக்கிக்கொள்வது அவற்றின் வழக்கம். யாருடைய ஐவர் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ, அந்தப் பல்லிக்கு வருஷம் முழுக்க டியூப்லைட் அடியில் இடம். அங்கே பூச்சிக்குப் பஞ்சமே கிடையாது.

நாலு நாலு பேரை எடுத்தாயிற்று. அடுத்தது மொட்டைவாலின் முறை. மிச்சமிருப்பவர்களில் உயரமானவளைச் சொல்லிவிடலாம் என்று வாயில் ஒரு விட்டிலைக் கவ்வியபடி அது யோசித்தது.

அப்போது ஒரு குள்ளப் பெண் பாதி மைதானத்திலிருந்து பந்தை வீசினாள். பிறந்தது முதல் சுவரை இறுகப் பற்றியே பிழைத்த மொட்டைவால், சிறகுமில்லாமல் பிடியுமில்லாமல் ஒன்று இவ்வளவு நேரம் மேலே நின்று கண்டதில்லை. பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. திறந்த வாயிலிருந்து விட்டில் பறந்தே போய்விட்டது.

"அவ எனக்கு!" என்று முறை தவறிக் கத்தியது நெட்டைவால்.

"எடுத்துக்கோ. லைட்டையும் நீயே வச்சுக்கோ. நான் அந்த வளையத்துப் பக்கம் போறேன்."

"அங்க ஒரு கொசுகூட வராதுடா!"

"பந்து வருமே," என்றபடி மொட்டைவால் சரசரவென்று இறங்கியது.