ஒயர் பரீட்சை

"மெக்கானிக்குக்கா எம்புள்ளையக் குடுப்பேன்? அத்தனை பேரும் களவாணிக!"

கௌசிகாவின் அப்பா காளிச்சாமிக்கு அந்தக் கோபம் வரக் காரணம் இருந்தது. நெட்டில் ஐந்து நட்சத்திரம் பார்த்துக் கூப்பிட்ட ஒருவன், போன மாதம்தான் கிணற்று மோட்டாரிலிருந்த செம்புக் கம்பியை எடுத்துவிட்டு அலுமினியக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருந்தான்.

"ரமேஷ்குமார் அப்படியில்லீங்கப்பா!"

"சோதிச்சுப் பாத்துப்போடலாம்."

மறுநாள் காலை மோட்டார் ஓடவில்லை. காளிச்சாமி நெட்டில் தேடி இரண்டு பேரை வரவழைத்தார். முதலாமவன் மூடியைக்கூடத் திறக்காமல், "காயில் எரிஞ்சு போச்சுங்க" என்றான். அடுத்தவன், "மோட்டாரே போச்சுங்க" என்றான்.

கடைசியாக வாளையாரிலிருந்து ரமேஷ்குமார் வந்தான். கௌசிகா வேண்டாத சாமியில்லை.

அவன் நேராக ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, கழன்று கிடந்த ஒயரை மாட்டினான். மோட்டார் ஓடியது.

"ஒயர்தானுங்க. காசெல்லாம் வேண்டாமுங்க."

காளிச்சாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லாம நானேதான் அதைப் புடுங்கி உட்டேன். நீதான் எம்மாப்பிள்ளை! ஏ மயிலாத்தா, காப்பி கொண்டா!"

அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி உள்ளே போனாள்.

வழியனுப்ப வாசலுக்கு வந்த கௌசிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவனுக மாதிரி நீங்க பொய் சொல்லலையே!"

ரமேஷ்குமார் குரலைத் தாழ்த்தினான்.

"அட போ அம்மிணி! உங்கம்மா காலையிலயே போன் பண்ணி எந்த ஒயருன்னு சொல்லலைன்னா, நானும் காயில் எரிஞ்சு போச்சுன்னுதான் சொல்லியிருப்பேன்."